கரையும் கரை

லண்டனில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கு ஊர் சுற்ற ஒரு வழக்கமான பட்டியல் உண்டு. டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை வாசல், பிரிட்டிஷ் மியூசியம், ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு, இன்னொரு நாள் ஸ்டோன்ஹெஞ்ச். அந்த நாட்டு மக்கள் தங்கள் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடம் கடற்கரை. அதிலும் வயல்வெளி நேராகக் கடலின் விளிம்புவரை வந்து நிற்கிற தென்மேற்குக் கரை. சுற்றுலாக் கையேடுகள் அங்கே பார்க்க வேண்டியவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தித் தருகின்றன: பாறை வளைவு, பழைய துறைமுகச் சுவர், இடிந்த கோட்டை, நீராவி ரயில், மீனும் சிப்ஸும். வரிசையில் தவறில்லை. ஆனால் அந்தக் கரையின் இயற்கைக் காட்சிகள் பெரும்பாலும் உருவானதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அதைக் கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை. அங்குள்ள டார்செட், கிழக்கு டெவன் வட்டாரக் கரையில் நிலம் ஓயாமல் இடிந்து கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. குடியிருப்புகள் தவிர்த்த பெரும்பகுதியில் அதைத் தடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடிதலே அங்குள்ள காட்சிகளுக்குத் தாய் என்பது என் வாதம். இதைப் புரிந்துகொண்டு போகிறவர் எங்கே தங்குவது, எந்த மாதம் போவது, காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் வேறு விதமாகத் தீர்மானிப்பார்.

டெவனில் எக்ஸ்மத் என்ற ஊரில் தொடங்கி டார்செட்டில் ஸ்டட்லண்ட் வளைகுடாவில் முடியும் ஏறத்தாழ 155 கிலோமீட்டர் கரையை ஜுராசிக் கோஸ்ட் என்கிறார்கள். 2001-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இயற்கைக்காக இந்தத் தகுதியைப் பெற்ற முதல் இங்கிலாந்து இடம் இதுதான். இங்குள்ள பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன, மேசையில் சரிந்து விழுந்த சீட்டுக்கட்டு மாதிரி. அதனால் அடியில் இருக்க வேண்டிய மிகப் பழைய அடுக்கு மேற்குக் கோடியில் வெளியே தெரிகிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போக அடுத்தடுத்த காலத்து அடுக்குகள் வரிசையாக வருகின்றன. மேற்கே 25 கோடி ஆண்டுப் பாலைவனத்தின் சிவப்பு மணற்பாறை. நடுவில் லைம் ரீஜிஸ் பக்கம், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் படிந்த கருஞ்சாம்பல் களிப்பாறை. கிழக்குக் கோடியில், நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் குவிந்து உருவான வெள்ளைச் சுண்ணப்பாறை. ஆக, 18.5 கோடி ஆண்டுகளின் வரலாறு ஒரு வார நடைத் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மரமும் புல்லும் மூடிய உள்நாட்டில் இந்த அடுக்குகளைப் பார்க்க ஆழ்துளைக் கிணறுதான் போட வேண்டும். இங்கே அந்த வேலையை அலை செய்கிறது. பாறைமுகம் ஒவ்வொரு குளிர்காலமும் சிறிது விழுந்து புதிய முகம் காட்டுவதால்தான் அடுக்குகள் புல் மூடாமல் படிக்கும்படி இருக்கின்றன. நீளம் முழுக்கக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தால் இருபது ஆண்டுகளில் அவை பச்சைச் சரிவுகளாகியிருக்கும், யுனெஸ்கோ பார்க்க வந்திருக்காது.

இதற்கு மிக வலுவான சாட்சியம் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். மேரி ஆனிங் 1799-இல் இங்கே ஒரு ஏழைத் தச்சரின் மகளாகப் பிறந்தார். நெப்போலியப் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போக முடியாத வசதியானவர்கள் இந்த மாதிரிக் கடலோர ஊர்களுக்கு வந்து தங்கினார்கள். பாறையிலிருந்து விழும் விநோதக் கற்களைப் பொறுக்கி அவர்களுக்கு விற்பது ஆனிங் குடும்பத்தின் உபதொழில். 1810-இல் தந்தை இறந்தபின் அதுவே பிழைப்பானது. 1811-இல் அண்ணன் ஜோசஃப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அடுத்த ஆண்டு மேரி அதன் உடலைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இக்தியோசர் என்று பின்னால் பெயர் பெற்ற, கடல்வாழ் ஊர்வனவற்றில் ஒன்று அது. 1823-இல் முழுமையான பிளீசியோசர் எலும்புக்கூடு, 1828-இல் ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலாகக் கிடைத்த, பறக்கும் ஊர்வனவற்றில் ஒன்றான டெரோசர் என்று கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. அழிந்துபோன உயிரினங்கள் என்ற எண்ணமே பலருக்கு ஏற்க முடியாததாக இருந்த காலம் அது. அறிவியலாளர்கள் அவரிடம் வந்து வாங்கினார்கள், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், கட்டுரைகளில் அவர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது 1919-இல்தான். மேரி இறந்ததோ 1847-இல். அவருக்கு அந்த ஊரில் ஒரு சிலை வைக்க 2022 வரை ஆயிற்று, அதுவும் ஒரு பள்ளிச் சிறுமி தொடங்கிய இயக்கத்தால். மேரி வெட்டுக்கருவியால் மலையைக் குடைந்தவரல்ல. குளிர்காலப் புயலுக்குப் பிறகு, புதிதாகச் சரிந்த மண்ணை அடுத்த அலை கழுவிக்கொண்டு போவதற்குள் தேடியவர். அவருடைய தொழிற்கூடமே அந்த இடிபாடுதான். அது எவ்வளவு ஆபத்தானது என்பதும் அவருக்குத் தெரியும். 1833-இல் ஒரு சரிவில் அவர் கூடவே வந்துகொண்டிருந்த நாய் டிரே மண்ணுக்கடியில் போயிற்று.

இன்றும் லைமுக்குப் பக்கத்திலுள்ள சார்மத் கடற்கரையில் அதே வேலையைக் குழந்தைகள் செய்கிறார்கள். அங்குள்ள பாரம்பரிய மையத்தின் வழிகாட்டிகள் குழுவாக அழைத்துப்போய்ச் சொல்லித்தருகிறார்கள். சுத்தியல் வேண்டியதில்லை. பாறை அடியை விட்டுத் தள்ளி, அலை பிரித்துப்போட்ட கூழாங்கற்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் போதும். துப்பாக்கிக் குண்டு வடிவில் பெலெம்னைட், சுருள் வடிவில் அம்மோனைட் என்று பொறுமைக்கேற்ப ஏதாவது புதைபடிவம் கிடைக்கும். அம்மோனைட் நமக்குப் புதிதல்ல. கண்டகி ஆற்றிலிருந்து வந்து வைணவ வீடுகளில் பூசை பெறும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரம் இதே இனத்து உயிரின் தடம்தான். உலகப் பாரம்பரியக் களத்திலிருந்து கல்லை எடுத்துப் போவது கொள்ளையில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மற்ற களங்களில் பொருந்துகிற தடை இங்கே பொருந்தாததற்குக் காரணம் உண்டு: எடுக்காமல் விட்டால் சில ஓதங்களில் அலை அதை அரைத்துப் பொடியாக்கிவிடும். ஆகவே மேற்கு டார்செட்டில் ஒரு நடத்தை விதி வைத்திருக்கிறார்கள். உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம், பாறைமுகத்தைத் தோண்டக் கூடாது. அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும். மேரி ஆனிங் காலத்திலிருந்து இன்றுவரை இங்கே கிடைத்த பெரிய எலும்புக்கூடுகளைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பொறுக்குபவர்களே. கிம்மரிட்ஜ் ஊரில் 2016-இல் திறந்த எட்சஸ் காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளம்பர் வேலை பார்த்த ஒருவர் பல பத்தாண்டுகள் சேர்த்ததே அதன் முழு உள்ளடக்கம். பிளயோசர் என்ற கடல்வாழ் விலங்கின் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள மண்டையோடு ஒன்றை அதில் பார்க்கலாம்.

இடிதல் எப்படி அழகைச் செதுக்குகிறது என்று அறிய லல்வொர்த்துக்குப் போக வேண்டும். கையேடுகள் அங்கே இரண்டு படங்கள் போடும்: வட்டமான லல்வொர்த் கோவ், கடலில் கால் ஊன்றி நிற்கும் டர்டில் டோர் என்ற வளைவு. பக்கத்திலிருக்கும் ஸ்டேர் ஹோலைப் பலர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். இந்தப் பகுதியில் பாறை அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து, கரைக்கு இணையாகச் சுவர்போல் நிற்கின்றன. கடலைப் பார்த்து நிற்பது கடினமான சுண்ணாம்புக்கல். அதற்குப் பின்னால் மெத்தென்ற களியும் மணலும். அதற்கும் பின்னால் ஓரளவு தாங்கும் வெள்ளைச் சுண்ணப்பாறை. ஸ்டேர் ஹோலில் கடல் இப்போதுதான் முதல் சுவரைத் துளைத்து உள்ளே கை நீட்டியிருக்கிறது, பின்னாலுள்ள களி சரியத் தொடங்கியிருக்கிறது. லல்வொர்த் கோவில் அந்த வேலை முடிந்துவிட்டது. குறுகிய வாசல் வழியாக நுழைந்த கடல் உள்ளே மென்மண்ணை இருபுறமும் அரித்து, வெள்ளைச் சுவரில் முட்டி நின்று வட்டம் வரைந்திருக்கிறது. மேற்கே ஒரு மைல் நடந்தால் முதல் சுவர் பெரும்பாலும் மறைந்து, சில பாறைத் திட்டுகள் மட்டும் நீருக்கு மேல் தெரியும். டர்டில் டோர் அந்தச் சுவரில் மிஞ்சிய ஒரு துண்டு. ஒரே நிகழ்வின் முதற்கட்டம், நடுக்கட்டம், கடைசிக் கட்டம் மூன்றும் ஒரு மணி நேர நடைக்குள் கிடைக்கின்றன. வாகன நிறுத்தத்திலிருந்து இறங்கி டர்டில் டோர் முன்னால் படமெடுத்துத் திரும்புகிறவர், கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தவர். அந்த வளைவும் ஒரு நாள் விழும். கிழக்குக் கோடியில் ஓல்ட் ஹாரி என்ற வெள்ளைத் தூணுக்குப் பக்கத்தில் அதன் மனைவி என்று அழைக்கப்பட்ட தூண் ஒன்று நின்றது. 1896-இல் அது கடலில் சாய்ந்துவிட்டது.

இடிந்தது எங்கே போகிறது? ஒரு பகுதிக்கு விடை செசில் பீச். மணலே இல்லாத கூழாங்கல் கரை, 29 கிலோமீட்டர் நீளம். மேற்கு முனையில் கற்கள் பட்டாணி அளவு. கிழக்கே போர்ட்லண்ட் பக்கம் கைமுட்டி அளவு. அலையும் நீரோட்டமும் அளவுவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கின்றன. இருட்டில் கரைசேரும் மீனவர் காலடியில் கிடக்கும் கல்லைத் தொட்டே எந்த இடம் என்று சொல்வார் என்ற பேச்சு அந்தப் பக்கம் உண்டு. இங்கே குளிக்க இறங்கக் கூடாது. சரிவு செங்குத்தானது, பின்வாங்கும் அலை காலை வாரிவிடும். நடக்கலாம், உட்கார்ந்து கற்கள் உருளும் ஓசையைக் கேட்கலாம். கரைக்கும் நிலத்துக்கும் நடுவே ஃப்ளீட் என்ற அமைதியான உப்பங்கழி இருக்கிறது. அதன் ஓரத்தில், ஆபட்ஸ்பரியில், 11-ஆம் நூற்றாண்டில் துறவிகள் தங்கள் உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய அன்னங்களின் வழிவந்தவை இன்றும் கூடு கட்டுகின்றன. மே நடுவிலிருந்து ஜூன் வரை குஞ்சு பொரிக்கும் காலம், கூடுகளுக்கு மிக அருகில் நடந்து போகலாம். கூழாங்கல் அணை இல்லையென்றால் உப்பங்கழியும் இல்லை, அன்னங்களும் இல்லை.

இதையெல்லாம் பார்க்கக் கால் வேண்டும், கால் வைக்க வழியும் வேண்டும். இங்கிலாந்தின் நிலம் பெரும்பகுதி தனியாருடையது. லல்வொர்த் கோவும் டர்டில் டோரும்கூட ஒரு குடும்பத்தின் பண்ணைச் சொத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் யாரையும் கேட்காமல் எவரும் கோதுமை வயல் ஓரத்திலும் ஆடு மேயும் மேட்டிலும் நடந்து பாறை விளிம்புக்குப் போகலாம். இந்த உரிமை தானாக வரவில்லை. 1932-இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறிக் கூட்டமாக நடந்து, சிலர் சிறை சென்றார்கள். 1949-இல் வந்த சட்டம் தேசியப் பூங்காக்களை ஏற்படுத்தியதோடு, காலங்காலமாக மக்கள் நடந்த ஒற்றையடிப் பாதைகளை உள்ளாட்சிகள் வரைபடத்தில் பதிய வேண்டும் என்றும் விதித்தது. கடத்தல்காரர்களைக் கண்காணிக்கக் கடலோரக் காவலர்கள் நடந்து நடந்து உருவான தடங்களை இணைத்து, மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர் தென்மேற்குக் கடலோரப் பாதை உருவாயிற்று. ஜுராசிக் கோஸ்ட் முழுவதையும் இதன் மேலேயே நடந்து கடக்கலாம். நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1965-இல் நெப்டியூன் என்ற பெயரில் நிதி திரட்டிக் கடற்கரை நிலங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியது. இன்று அதன் பொறுப்பில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் மிக உயர்ந்த இடமான 191 மீட்டர் கோல்டன் கேப்பும் அதில் அடக்கம்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது 2009-ஆம் ஆண்டின் கடல், கடலோர அணுகல் சட்டம். பழைய சட்டப்படி, பாதை ஓடும் நிலம் கடலில் விழுந்தால் பாதையும் அதோடு போய்விடும். பின்னாலிருக்கும் வயல்காரர் சம்மதித்தால்தான் புதிய பாதை. இடிந்துகொண்டே இருக்கும் கரையில் அந்த உரிமைக்கு ஆயுள் எவ்வளவு இருக்க முடியும்? 2009 சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. இங்கிலாந்தைச் சுற்றி 4,300 கிலோமீட்டர் அளவுக்குக் கரைப் பாதை அமைக்க வேண்டும் என்றதோடு, விளிம்பு பின்வாங்கினால் பாதையும் அதனோடு உள்ளே நகரலாம் என்று ஏற்பாடு செய்தது. இயற்கையை எதிர்த்து நிற்காமல், அதன் போக்கை ஏற்று எழுதப்பட்ட இப்படி ஒரு சட்டம் அரிது. சார்மத் பக்கம் போகிறவர் பாதையில் பழைய வேலி ஒன்று அந்தரத்தில் தொங்குவதையும், புதிய வழிகாட்டிப் பலகை சில கெஜம் உள்ளே நிற்பதையும் பார்த்தால், அது பராமரிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

இடிய விடுவது நல்லது என்று எழுதுவது சுலபம், அங்கே வீடு வைத்திருப்பவனிடம் சொல்லிப் பார் என்பது முதல் மறுப்பு. உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக் கரையில் பாறை சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2008 மே மாதம் லைமுக்கும் சார்மத்துக்கும் நடுவே 400 மீட்டர் நீளத்துக்கு மண் சரிந்தது. 2021 ஏப்ரலில் சீடவுன் பக்கம் சுமார் 4,000 டன் பாறை ஒரே நேரத்தில் விழுந்தது. இந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. லைம் ஊரே கடலுக்குள் போய்விடாமல் இருக்கப் பெரும் செலவில் சுவர்களும் வடிகால்களும் கட்டியிருக்கிறார்கள், அது சரியான செலவு. மக்கள் வாழும் இடத்தைக் காக்க வேண்டும். ஆனால் யாரும் குடியிராத பாறைமுகத்துக்கும் சுவர் வேண்டும் என்ற இடத்தில்தான் வாதம் பிசகுகிறது. மேலிருந்து விழும் மண்ணும் கல்லும்தான் அடுத்த ஊரின் கடற்கரையாகச் சேர்ந்து, அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. ஓரிடத்தில் அடைத்தால் பக்கத்து ஊரின் கரை மெலியும். நம்மூர்க் கடலோரத்தில் தூண்டில் வளைவும் துறைமுகச் சுவரும் கட்டிய இடத்துக்கு வடக்கே கரை அரிக்கப்படுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆபத்தைப் பொறுத்தவரை, போகிறவர் கைக்கொள்ள வேண்டியவை சில. பாறை அடியில் உட்காராதீர்கள், விளிம்புக்கு நெருங்கி நிற்காதீர்கள். மழைக்குப் பிந்திய நாளில் இரண்டுக்கும் இன்னும் விலகி நில்லுங்கள். ஓத அட்டவணையைத்தான் காலையில் முதலில் பார்க்க வேண்டும். கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. லைமிலிருந்து சார்மத்துக்கு மணலோரமாக நடக்க நினைப்பவர், கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது புறப்பட வேண்டும். ஏறும் கடல் பாறையின் அடியைத் தொட்டுவிட்டால் இருபுறமும் வழி அடைபடும். அப்படி மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும். நீந்த விரும்புகிறவர் உயிர்காப்போர் நிற்கும் கரையில், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குவது நல்லது. தண்ணீர் ஆகஸ்டு கடைசியில்கூட 17, 18 டிகிரிதான் இருக்கும். கழிவுநீர் கலப்பது பற்றிய புகார்கள் இங்கிலாந்து முழுக்க உண்டு, ஆகவே அரசு வெளியிடும் நீர்த்தர அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பு: குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பாறையும் சட்டமும் எதற்கு, மணலும் விளையாட்டும்தானே கடற்கரை? வெமத் இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உடல்நலத்துக்காக 1789-இல் அங்கே கடலில் குளித்தார், பல கோடைகள் திரும்பத் திரும்ப வந்தார். அதிலிருந்துதான் அந்த ஊர் உல்லாச ஊராயிற்று. 1857-இல் ரயில் வந்து சாதாரண மக்களையும் கொண்டுவந்தது. பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம், கழுதைச் சவாரி, மணற்சிற்பம் என்று பழைய கேளிக்கைகள் அந்த வளைந்த மணற்கரையின் அடையாளங்கள். அலை குறைவு, ஆழமும் குறைவு. சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது, ஒரு நாளை அங்கே முழுசாகக் கொடுக்கலாம். ஸ்வானேஜில் 1972-இல் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டுபோன ரயில் பாதையைத் தன்னார்வலர்கள் மறுபடி போட்டு, 1995-இல் கார்ஃப் வரை நீராவி ரயிலை ஓட்டிவிட்டார்கள். அந்த ரயிலில் போய் இறங்கினால், 1646-இல் நாடாளுமன்றப் படை வெடிவைத்துத் தகர்த்த கார்ஃப் கோட்டை கண்முன் நிற்கும். இவை இடிதலால் வந்தவையல்ல, என் வாதத்துக்கு வெளியே நிற்பவை. எனினும் ஒரு குடும்பத்தின் வாரத்தில் இவற்றுக்கு இடம் இருக்கத்தான் வேண்டும். என் மறுப்பெல்லாம், இவற்றோடு பயணத்தை முடித்துக்கொள்வதைப் பற்றி.

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் நாட்டுப்புறம். தாமஸ் ஹார்டி 1840-இல் பிறந்த ஓலைக்கூரை வீடு டார்செஸ்டர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கல்லூரியில் அவர் நாவலைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அந்தப் புல்மேடுகள் முன்பே பழகியவையாகத் தோன்றும். லல்வொர்த் பெயரைத் தாங்கிய ஒரு சின்னப் பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி, லல்வொர்த் ஸ்கிப்பர், 1832-இல் இங்கே கண்டறியப்பட்டது. பிரிட்டனில் ஏறக்குறைய இந்தக் கரையை விட்டு வேறெங்கும் அது இல்லை. பக்கத்தில் டைன்ஹம் என்ற கிராமம். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். போனவர்கள் திரும்பி வர விடப்படவில்லை. கூரையிழந்த வீடுகளும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் மட்டும் நிற்கின்றன. பெரும்பாலும் வார இறுதிகளில் பார்க்க அனுமதி உண்டு. துப்பாக்கிப் பயிற்சி நாட்களில் அந்தப் பக்கத்துக் கரைப் பாதையும் மூடியிருக்கும், முன்கூட்டியே விசாரித்துப் போக வேண்டும்.

மழையையும் செலவையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெயில் வேண்டுமென்று இங்கிலாந்துக்காரர்களே ஸ்பெயினுக்குப் பறக்கிறார்கள் என்பது உண்மை. நம்மிடமிருந்து போகிறவர்களுக்கு வெயில் இல்லாதது ஒரு குறையே அல்ல. இருபது டிகிரியில் நாள் முழுக்க வியர்க்காமல் நடக்க முடிவது நமக்குத்தான் அதிசயம். மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் இருந்தால் தூறல் பெரிய தடையில்லை. செலவு உண்மையான தடை. பள்ளி விடுமுறைக் காலமான ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்டு முடிய அறை வாடகை ஏறிவிடும், டர்டில் டோரில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியூர்க்காரர்கள் இரண்டாம் வீடு வாங்கி வாங்கி, உள்ளூர் இளைஞர்களுக்குக் குடியிருக்க இடமில்லாமல் போன துயரமும் இந்த ஊர்களில் உண்டு. ஆகவே வாடகைக்கார் எடுத்து ஐந்து ஊரை ஒரு நாளில் சுற்றுவதைவிட, ஓர் ஊரில் நான்கு இரவு தங்கி, கரையோரப் பேருந்தில் ஒரு முனைக்குப் போய் நடந்து திரும்புவதே பணத்துக்கும் ஊருக்கும் நல்லது. யூத் ஹாஸ்டல் என்ற பெயர் இருந்தாலும் எந்த வயதினரும் தங்கலாம், குடும்ப அறைகளும் உண்டு, பொதுச் சமையலறையில் நம் சாப்பாட்டைச் செய்துகொள்ளலாம். சைவர்களுக்கு ஸ்கோனும் கிரீமும் ஜாமும் சேர்ந்த கிரீம் டீ எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். அசைவர்கள் நண்டு சாண்ட்விச்சை விட்டுவிட வேண்டாம். திறந்தவெளியில் சாப்பிடும்போது கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும், கவனம்.

அடுத்த முறை லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பட்டியலிலிருந்து இரண்டு இடங்களை அடித்துவிட்டு நான்கு நாளை இந்தக் கரைக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜூன் மாதமே சிறந்தது: இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், பள்ளிகள் இன்னும் மூடியிருக்காது, அன்னக்குஞ்சுகளையும் பார்க்கலாம். புதைபடிவம் தேடுவதுதான் நோக்கமென்றால் புயல் கழுவிவிட்ட பிப்ரவரி, மார்ச். வாட்டர்லூ நிலையத்திலிருந்து வெமத்துக்கும், லைமுக்குப் பக்கத்து நிலையமான ஆக்ஸ்மின்ஸ்டருக்கும் நேரடி ரயில்கள் ஓடுகின்றன. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். புறப்படுவதற்கு முன் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கடல் ஊர்வனவற்றின் கூடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். மேரி ஆனிங் லைமில் கண்டெடுத்த பிளீசியோசர் அங்கே சுவரில் இருக்கிறது, அனுமதி இலவசம்.